வேலும் வேணும், வைத்தியரும் வேணும்: தீராத வலியோடு இருக்கும் முருக சொந்தங்களுக்கு

ஓம் சரவணபவ.



போன வாரம் ஒரு அக்கா எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. அவங்க அனுமதியோட அதை இங்க சொல்றேன். "தம்பி, எனக்கு முடக்குவாதம் வந்து 6 வருஷம் ஆச்சு. காலையில எழுந்தா விரலை மடக்கவே ஒரு மணி நேரம் ஆகும். தினமும் கவசம் படிக்கிறேன், மாசா மாசம் சஷ்டி இருக்கேன். இப்போ சொந்தக்காரங்க ஒரு பொடி வாங்கிக் கொடுத்திருக்காங்க. 48 நாள் இதைச் சாப்பிடு, இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்து, முருகன் மேல உண்மையான நம்பிக்கை இருந்தா சரியாயிடும்னு சொல்றாங்க. நிறுத்தட்டுமா? நிறுத்தலைன்னா என் நம்பிக்கை குறைவுன்னு அர்த்தமா?"

இதுல ரெண்டு கேள்வி இருக்கு. ஒண்ணு மருந்தைப் பத்தி, இன்னொண்ணு நம்பிக்கையைப் பத்தி. நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். அதனால நம்பிக்கை பத்தின கேள்விக்கு நம்ம பெரியவங்க காட்டின வழியில இருந்து பதில் சொல்றேன். மருந்து விஷயத்துல மருத்துவ உலகம் வெளிப்படையா ஒத்துக்கிட்ட விஷயங்களை மட்டும் சொல்றேன். இந்த அக்கா மாதிரி நம்ம குடும்பங்கள்ல எத்தனையோ பேர் இருக்காங்க. முதுகு வலி, மூட்டு வலி, ஒத்தைத் தலைவலி, நரம்பு வலின்னு வருஷக்கணக்கா வெளிய சொல்லாம இருக்காங்க. அவங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இந்தப் பதிவு.

*முருகன் படையிலயும் காயம் பட்டது*

மயிலாடுதுறை பக்கத்துல வைத்தீஸ்வரன் கோயில் இருக்கு. நிறைய பேர் செவ்வாய் தோஷ பரிகாரத்துக்காகவும் நாடி ஜோதிடத்துக்காகவும் மட்டும்தான் அந்த ஊரைத் தெரிஞ்சு வச்சிருப்பாங்க. அங்க நம்ம அப்பன் செல்வமுத்துக்குமாரசுவாமியா இருக்கார். சிவபெருமானுக்கு அங்க பேரே வைத்தியநாதர். சூரபத்மனோட நடந்த போர்ல முருகனோட படைவீரர்கள் காயம்பட்டாங்க, அவங்களுக்கு வைத்தியம் பார்க்க சிவனே வைத்தியரா வந்தார், தைலப் பாத்திரத்தோட தையல்நாயகி அம்மன் கூட வந்தாங்கன்னு தல வரலாறு சொல்லுது.

இதைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க. அவங்க முருகனோட சொந்தப் படை. கையில வேல் வச்சிருக்கிற தலைவனுக்குப் பக்கத்துலயே நின்னு சண்டை போட்டவங்க. அவங்களை விடவா நமக்குப் பக்தி அதிகம்? அவங்களுக்கும் காயம் பட்டது. "நம்பிக்கை குறைஞ்சதாலதான் காயம் பட்டது"ன்னு முருகன் யாரையும் ஒதுக்கல. "என் பேரைச் சொல்லிட்டு அப்படியே படுங்க"ன்னும் விடல. வைத்தியர் வந்தார், மருந்து வந்தது, பக்கத்துல இருந்து பார்த்துக்க ஒரு தாயும் வந்தாங்க.

அதனால வலி வந்துட்டா அருள் போயிடுச்சுன்னு நினைக்கிறது நம்ம மரபுல கிடையாது. வைத்தியம் பார்க்கிறது பக்திக்கு எதிரானதுன்னு சொல்றதும் நம்ம மரபுல கிடையாது.

அருணகிரிநாதரையே எடுத்துக்கோங்க. திருத்தணியில அவர் பாடின ஒரு திருப்புகழ் இருமல்ல ஆரம்பிச்சு வாதம், நீரிழிவு, விடாத தலைவலின்னு ஒவ்வொரு நோயா பேர் சொல்லி அடுக்கிக்கிட்டே போகும். இதெல்லாம் எந்தப் பிறவியிலயும் என்னை வாட்டாம இருக்க உன் திருவடியைக் கொடுன்னு முடியும். அவர் நோயை மறைக்கல. "நான் பக்தன், எனக்கு ஒண்ணும் இல்ல"ன்னு நடிக்கல. வலிக்குதுன்னு முருகன்கிட்ட பேர் சொல்லியே சொன்னார். வலிக்குதுன்னு வாய் விட்டுச் சொல்றதுக்கு நமக்கு இதை விடப் பெரிய அனுமதி வேணுமா?

*ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடைச்ச தரிசனம்*

பாம்பன் சுவாமிகள் கதை உங்கள்ல பல பேருக்குத் தெரியும். ஆனா அந்தக் கதை எந்த இடத்துல நடந்ததுன்னு நாம சரியா கவனிக்கிறதில்ல.

1923 டிசம்பர் 27. சுவாமிகள் சென்னை தம்புச்செட்டித் தெருவுல நடந்து போறார். 70 வயசைத் தாண்டினவர். ஒரு குதிரை வண்டி மோதி, சக்கரம் காலில் ஏறி எலும்பு முறிஞ்சது. அடியார்கள் அவரைச் சென்னை அரசு பொது மருத்துவமனையில சேர்த்தாங்க. உப்பு சேர்க்காத சாப்பாட்டுல பல வருஷம் இருந்த உடம்பு, வயசும் ஆயிடுச்சு, எலும்பு கூடறது கஷ்டம்னு மருத்துவர்கள் நினைச்சாங்க. வெளிய அடியார்கள் விடாம சண்முக கவசம் பாராயணம் பண்ணினாங்க. 1891-ல சுவாமிகளே எழுதின கவசம் அது, மொத்தம் 30 பாட்டு. 11-ஆம் நாள் ராத்திரி மயில் வாகனக் காட்சி கிடைச்சது, முறிஞ்ச எலும்பும் கூடிச்சுன்னு அவர் வரலாறு சொல்லுது. இன்னைக்கும் திருவான்மியூர் சமாதிக் கோயில்ல மயூர வாகன சேவன விழாவா அதைக் கொண்டாடுறாங்க.

அந்தக் காட்சி காட்டுலயோ மலை உச்சியிலயோ கிடைக்கல. ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி வார்டுல, நோயாளிக் கட்டில்ல கிடைச்சது. சுவாமிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனவங்களும் கவசம் பாடினவங்களும் ஒரே அடியார் கூட்டம்தான். "கவசம் இருக்கே, ஆஸ்பத்திரி எதுக்கு?"ன்னு அவங்க கேக்கல. "டாக்டரே கஷ்டம்னு சொல்லிட்டாரே, கவசம் எதுக்கு?"ன்னும் கேக்கல. ரெண்டையும் சேர்த்துச் செஞ்சாங்க. சண்முக கவசத்தை எழுதினவரே கட்டில்ல படுத்து வைத்தியம் எடுத்துக்கிட்டார்னா, அதைப் படிக்கிற நமக்கு என்ன தயக்கம்?

அதனால அக்கா, ரெண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். மாத்திரை போடறதால உங்க நம்பிக்கை ஒரு துளி கூடக் குறையாது.

*அந்தப் பொடியைப் பத்தி*

இப்போ முதல் கேள்விக்கு வரேன். முடக்குவாதம்ங்கிறது வெறும் தேய்மானம் இல்ல. நம்மளைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே தடம் மாறி, மூட்டோட உள்சவ்வைத் தாக்கற நோய். அடக்காம விட்டா மூட்டு அரிச்சுப் போய் விரல் கோணிடும். கோணினதைத் திரும்ப நேராக்குறது ரொம்பக் கஷ்டம். அதுக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்சேட் மாதிரி மருந்து வலி மாத்திரை இல்ல, நோயோட வேகத்தையே குறைக்கிற மருந்து. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான் போடணும். தவறி தினமும் போட்டா உயிருக்கே ஆபத்து. நடுவுல ரத்தப் பரிசோதனையும் தேவை. வலி குறையறது வேற, நோய் அடங்கறது வேற. வலி இல்லைன்னு மருந்தை நிறுத்தினா, உள்ள மூட்டு அரிக்கிறது சத்தமில்லாம தொடரும்.

பேரில்லாத பொடியில இன்னொரு ஆபத்தும் இருக்கு. இயற்கை மருந்துன்னு விக்கிற லேபிள் இல்லாத பொடி, லேகியம், மாத்திரையில ஸ்டீராய்டு கலந்திருந்தது பல தடவை பரிசோதனையில கண்டுபிடிக்கப்பட்டிருக்கு. ஸ்டீராய்டு சாப்பிட்டா ரெண்டு மூணு நாள்லயே வலி காணாமப் போகும். "பார்த்தியா, அற்புதம்!"னு ஊரெல்லாம் சொல்லத் தோணும். அளவு தெரியாம மாசக்கணக்கா போனா முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், தொற்று சுலபமா வரும். பல வாரம் சாப்பிட்டுட்டு திடீர்னு நிறுத்தினாலும் ஆபத்து, உடம்பு தானா சுரக்க வேண்டியதை மறந்திருக்கும். அதனால யாராவது ஏற்கனவே இப்படி ஒரு பொடி சாப்பிட்டுக்கிட்டு இருந்தா, பயந்து நீங்களா நிறுத்தாதீங்க. பொடியைக் கையில எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்ட போய்க் காட்டுங்க.

"நவபாஷாண மணி, நவபாஷாணத் தண்ணி"ன்னு ஆன்லைன்ல விக்கிறதும் இதே கணக்குதான். பழனியாண்டவர் திருமேனியைப் போகர் நவபாஷாணத்துல செஞ்சார்ங்கிறது நம்ம மரபு. அந்தத் திருமேனியைக் கும்பிடுறோம். ஆனா பாஷாணம்னாலே விஷம்னுதான் அர்த்தம். யாரோ எதையோ உருட்டி அந்தப் பேரை வச்சு விக்கிறதை ஊறப்போட்டுக் குடிக்கிறதுக்கும் பழனியாண்டவருக்கும் எந்த சம்பந்தமும் இல்ல.

சித்த வைத்தியத்தை நான் குறை சொல்லல. அது முருகனையும் அகத்தியரையும் குருவா வச்சு வளர்ந்த நம்ம வைத்தியம். அதனாலதான் அதை முறைப்படி படிச்சவங்ககிட்ட போகணும்னு சொல்றேன். தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, அரும்பாக்கத்துல அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கு. பல அரசு மருத்துவமனைகள்லயே சித்தா பிரிவு இருக்கு. பட்டம் வாங்கின சித்த மருத்துவர் என்ன மருந்து கொடுக்கிறார்னு எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டை உங்க இங்கிலீஷ் டாக்டர்கிட்ட காட்டுங்க, அவர் சீட்டை இவர்கிட்ட காட்டுங்க. ரெண்டு பேருக்கும் தெரியாம ரெண்டையும் சாப்பிடறதுதான் தப்பு.

*வலி ஏன் போக மாட்டேங்குது?*

3 மாசத்துக்கு மேல தொடர்ந்தா அதை நாள்பட்ட வலின்னு மருத்துவத்துல சொல்றாங்க. சிலருக்கு முடக்குவாதம் மாதிரி உள்ள ஒரு நோய் நடந்துக்கிட்டே இருக்கும். இன்னும் சிலருக்குப் பட்ட காயம் ஆறியிருக்கும், ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் தெரியாது, ஆனா வலி நிக்காது.

நம்ம பசங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். சர்வர்ல பிரச்சினை வந்தா அலர்ட் அடிக்கும். அந்த அலர்ட்டோட வரம்பை யாரோ ரொம்பக் குறைச்சு வச்சுட்டாங்கன்னு வைங்க. பிரச்சினையே இல்லாதப்பவும் ராத்திரி பகலா அடிச்சுக்கிட்டே இருக்கும். நாள்பட்ட வலியில நரம்பும் மூளையும் இப்படித்தான் அதிக உஷாரா மாறிடுது. அலர்ட் சத்தம் பொய் இல்ல, அது நிஜமாவே காதைப் பிளக்குது. அதனால "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, எல்லாம் உன் மனசுல"ன்னு யாரையும் சொல்லாதீங்க. வலி நிஜம். அந்த உஷாரைக் கொஞ்சம் கொஞ்சமா தணிக்கிறதுக்குத்தான் இயற்கையான வழிகள் உதவுது.

*பாட்டி வைத்தியத்துல எது உதவும்?*

முதல்ல ஒத்தடம். நம்ம வீட்டுல தவிடு வறுத்து, உப்பு வறுத்து, நொச்சி இலை வதக்கித் துணியில கட்டி ஒத்தடம் கொடுப்பாங்க. இது உதவுறதுக்குக் காரணம் இருக்கு. 1965-ல ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால்னு ரெண்டு பேர் ஒரு கருத்தை வெளியிட்டாங்க. தண்டுவடத்துல ஒரு கதவு மாதிரி இருக்கு, தொடுதல் மாதிரியான உணர்ச்சிகள் நரம்பு வழியா அங்க வந்து சேரும்போது வலிச் செய்தி முழுசா உள்ள போக முடியாதுன்னு சொன்னாங்க. குழந்தை கீழ விழுந்தா அம்மா உடனே தேய்ச்சு விடறாங்களே, அதுவும் இதுதான். சூடு, இறுகிப்போன தசையையும் தளர்த்தும். ஆனா மூட்டு சிவந்து, வீங்கி, தொட்டாலே கொதிக்கிற சமயத்துல சூடு வேண்டாம், பலருக்கு அப்போ குளிர்ச்சிதான் இதமா இருக்கும். சர்க்கரை நோயால கால் மரத்துப்போனவங்களுக்குச் சூடு சுட்டுப் புண்ணானாலும் தெரியாது. அவங்களுக்கு ஒத்தடம் கொடுக்கிறவங்க முதல்ல தன் கையில வச்சுப் பார்க்கணும்.

அடுத்தது மிளகாய். சிரிக்காதீங்க. மிளகாய்க் காரத்துக்குக் காரணமான கேப்சைசினை வச்சுத்தான் டேவிட் ஜூலியஸ் உடம்பு சூட்டையும் எரிச்சலையும் உணர்ற வாசலைக் கண்டுபிடிச்சார். 2021-ல அவருக்கும் ஆர்டெம் படாபூடியனுக்கும் நோபல் பரிசு கிடைச்சது. கேப்சைசின் கலந்த களிம்பு நரம்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் மருந்துக்கடையில கிடைக்குது. டாக்டரைக் கேட்டு அதைப் பூசலாம். அடுப்படி மிளகாயை அரைச்சுத் தோல்ல தேய்க்கக் கூடாது, கொப்பளிச்சுடும்.

மஞ்சள் சாப்பாட்டுல தாராளமா சேருங்க. முழங்கால் தேய்மானத்துக்கு அதுல உள்ள குர்குமின் ஓரளவு உதவுதுன்னு சில ஆய்வுகள் இருக்கு. ஆனா குர்குமினை உடம்பு சரியா உறிஞ்சுக்காது, மிளகு சேர்ந்தா கொஞ்சம் கூடும். மஞ்சளும் மிளகும் போட்ட ரசம் நல்லது. அதிக அளவு மஞ்சள் கேப்சூல் மட்டும் டாக்டரைக் கேட்காம வேண்டாம், குறிப்பா ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்களுக்கு.

ரொம்ப முக்கியமானது அசைவு. வலிக்குதுன்னு படுத்தே இருந்தா தசை மெலியும், மூட்டு இறுகும், வலி இன்னும் ஏறும். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் அமைப்பு 2017-ல நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மருந்துக்கு முன்னாடி உடற்பயிற்சி, யோகா, அக்குபஞ்சர், மனப்பயிற்சி மாதிரியான வழிகளை முயற்சி பண்ணச் சொல்லுது. அது கீழ்முதுகு வலிக்குச் சொன்னது. முடக்குவாதத்துக்கு மருந்து வேணும், அதோட கூடப் பயிற்சியும் வேணும்.

இதுல நம்மாளுங்க பண்ற ஒரு விஷயம் இருக்கு. வலி இல்லாத நாள்ல 5 கிலோமீட்டர் நடப்போம், அடுத்த 4 நாள் படுத்துடுவோம். அதை விட தினமும் 10 நிமிஷம் நடக்கிறது மேல். அது சுலபமா வந்த அப்புறம் 12 நிமிஷம் ஆக்குங்க. வலி கூடின நாள்ல குறைச்சுக்கோங்க, ஆனா முழுசா விடாதீங்க. பக்கத்துத் தெரு முருகன் கோயில் வரைக்கும் போயிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. அதுவும் பாதயாத்திரைதான்.

பழனி போறவங்களுக்கு ஒரு வார்த்தை. படியேறினாத்தான் தரிசனம் செல்லும்னு முருகன் எங்கயும் சொல்லல. வின்ச் இருக்கு, ரோப் கார் இருக்கு. முட்டி வலியோட இருக்கிற அம்மாவை "ஒரு தடவை ஏறிடுங்கம்மா, புண்ணியம்"னு இழுத்துட்டுப் போகாதீங்க.

*கவசமும் மூச்சும்*

1979-ல மசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்துல ஜான் கபாட்-ஜின் ஒரு பயிற்சி ஆரம்பிச்சார். வைத்தியம் பார்த்தும் வலி தீராதவங்க நிறைய பேர் அங்க வந்தாங்க. கண்ணை மூடி, உடம்பை ஒவ்வொரு பகுதியா கவனிக்கணும். வலிக்கிற இடத்துக்கு வந்தா ஓடாம, திட்டாம, மூச்சோட அங்க கொஞ்ச நேரம் நிக்கணும். அந்தப் பயிற்சி இன்னைக்கு உலகம் பூரா பல ஆஸ்பத்திரியில இருக்கு. வலி முழுசா போறதை விட, வலியால வர்ற பயமும் பதட்டமும் குறைஞ்சு வாழ்க்கை நகர ஆரம்பிக்கிறதுதான் அதோட பலன்.

இதைப் படிச்சப்போ எனக்கு கந்த சஷ்டி கவசம்தான் ஞாபகம் வந்தது. தேவராய சுவாமிகள் தலையில இருந்து பாதம் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பா பேர் சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேலைக் காவலுக்கு நிறுத்துவார். ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. அது பயிற்சி, இது பிரார்த்தனை. ஆனா நாம கவசத்தை எப்படிப் படிக்கிறோம்? யூடியூப்ல ஒண்ணரை மடங்கு வேகத்துல ஓட விட்டு, பல் தேய்ச்சுக்கிட்டே கேக்கிறோம். ஒரு தடவையாவது மெதுவா படிச்சுப் பாருங்க. உக்கார முடியலைன்னா படுத்துக்கிட்டே படிங்க. ஒவ்வொரு உறுப்பு பேர் வரும்போதும் மனசு அந்த இடத்துல நிக்கட்டும். மூச்சு நீளமா வெளிய போகட்டும். வலிக்கிற இடம் வரும்போது "இந்த இடத்தை வெறுக்க மாட்டேன், இங்கயும் என் முருகன் வேல் நிக்குது"ன்னு நினைங்க. பல மாசமா எதிரி மாதிரி பார்த்த முட்டியை, இடுப்பை, கழுத்தை அப்போ கொஞ்சம் பரிவோட பார்க்கத் தோணும்.

அதுக்கப்புறமும் வலி இருந்தா? இருக்கலாம். அன்னைக்குக் கவசம் தோத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. நேத்து அரை மணி நேரம் தூங்கினவங்க இன்னைக்கு ஒரு மணி நேரம் தூங்கினா அதுவும் அருள்தான். பேத்தியைத் தூக்க முடியலைன்னாலும் மடியில வச்சுக் கதை சொல்ல முடிஞ்சா அதுவும் அருள்தான்.

*விரதம் இருக்கிறவங்க கவனிக்க*

கந்த சஷ்டிக்கு 6 நாள் விரதம் இருக்கிற வழக்கம் நம்மகிட்ட இருக்கு. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளை வெறும் வயித்துல போட்டா வயிறு புண்ணாகும், ரத்தக்கசிவு கூட வரலாம். தண்ணியும் குடிக்காம அதைப் போட்டா கிட்னிக்கும் கெடுதல். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுக்கிறவங்களுக்குப் பட்டினி இன்னும் ஆபத்து. அதனால முன்னாடியே டாக்டர்கிட்ட பேசுங்க. பால் பழம் எடுக்கலாம், ஒரு வேளை சாப்பிடலாம், இல்ல சாப்பாட்டு விரதத்துக்குப் பதிலா 6 நாள் யாரையும் கடிஞ்சு பேசாம மௌன விரதம் இருக்கலாம். மருந்தையும் சாப்பாட்டையும் விட்டு உடம்பைக் கெடுத்துக்கிறதை எந்தத் தாய் தகப்பன் கேப்பாங்க?

இன்னும் ஒண்ணு. முதுகு வலியோட கால் திடீர்னு பலம் இழந்தாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போனாலோ ஒத்தடம், தைலம்னு உக்காராதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரி. வலியோட காய்ச்சல், காரணமில்லாம எடை குறையறது, ராத்திரி தூங்க விடாத வலி, நெஞ்சு வலி எதுவா இருந்தாலும் டாக்டரைப் பார்த்த அப்புறம்தான் மத்தது.

*பக்கத்துல இருக்கிறவர்*

திருக்குறள்ல மருந்துன்னு ஒரு அதிகாரமே இருக்கு, 95-ஆவது. அதோட கடைசிக் குறள்ல வள்ளுவர் வைத்தியத்துக்கு நாலு பேரைச் சொல்றார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்துல இருந்து பார்த்துக்கறவர். நாலுல ஒண்ணு குறைஞ்சாலும் வைத்தியம் முழுசாகாது. முதல் மூணைப் பத்தி எல்லாரும் பேசுறோம். நாலாவது ஆள் நாமதான்.

வீட்டுல அம்மா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குக்கர் தூக்கறாங்கன்னா, அந்தக் குக்கரைத் தூக்கறது ஒரு சேவை. நண்பன் "இன்னைக்கும் வலி"ன்னு சொன்னா, "இதை ட்ரை பண்ணு, அதை ட்ரை பண்ணு"ன்னு 10 லிங்க் அனுப்பாம, "சரிடா, நான் வரேன், ஆஸ்பத்திரிக்குக் கூட வரேன்"னு சொல்றது ஒரு சேவை. "முருகன் மேல நம்பிக்கை இருந்தா ஷேர் பண்ணுங்க"ன்னு வர்ற 48 நாள் மருந்து மெசேஜை அடுத்தவங்களுக்கு அனுப்பாம நிறுத்தறதும் சேவைதான்.

தீராத வலி சில பேரை "போதும், இனிமே இருக்க வேண்டாம்"ங்கிற இடத்துக்கே கொண்டு போயிடும். அருணகிரிநாதரும் அப்படி ஒரு நிலையில திருவண்ணாமலை கோபுரத்துல இருந்து விழுந்தார், முருகன் ரெண்டு கையாலயும் தாங்கினார்னு மரபு சொல்லுது. திருப்புகழ் எல்லாம் அதுக்கு அப்புறம் வந்ததுதான். அவர் அன்னைக்கு முடிஞ்சு போயிருந்தா நமக்குத் திருப்புகழ் இல்ல. இதைப் படிக்கிற யாருக்காவது அந்த எண்ணம் இருந்தா, 14416-க்குக் கூப்பிடுங்க. அது அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், தமிழ்லயே பேசலாம். உங்க வீட்டுல ஒருத்தர்கிட்ட இன்னைக்கே சொல்லுங்க. அப்பன் இன்னைக்குத் தாங்குறது பெரும்பாலும் இன்னொரு மனுஷன் கையாலதான்.

இந்த சஷ்டிக்கு நாம எல்லாரும் ஒண்ணு செய்வோம். ராத்திரி விளக்கேத்தி, கவசத்தை ஒரே ஒரு தடவை, மெதுவா படிப்போம். படிக்கும்போது நமக்குத் தெரிஞ்ச, வலியோட இருக்கிற ஒருத்தரை மனசுல நினைச்சுப்போம். காலையில எழுந்ததும் அவங்களுக்குப் போன் பண்ணி "எப்படி இருக்கீங்க?"ன்னு கேட்டு, அவங்க சொல்ற பதிலை முழுசா கேட்போம்.

முருகா, எங்க உடம்புல எங்கெல்லாம் வலிக்குதோ அங்கெல்லாம் உன் வேல் காவல் நிக்கட்டும். வைத்தியர் கைக்குத் தெளிவைக் கொடு. கூட இருக்கிறவங்களுக்குப் பொறுமையைக் கொடு. வலி போற நாள் வரைக்கும், போகாத நாள்லயும், எங்க பக்கத்துலயே இரு.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!